பத்தாவது கசற்

லண்டன்
2024 ஜனவரி 9

அன்புள்ள ஜெஸ்மின் மாமிக்கு,

உங்கள் அண்ணாவின் மகள் நதீஷா எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துத் தமிழ். பிழை இருந்தால் சிரித்துவிட்டு வாசியுங்கள்.

உங்கள் சினேகிதி பல்கீஸின் மகன் அஸாம், நீங்கள் அனுப்பிய அப்பாவின் கசற்றுகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து தந்தார். நான் வேலை செய்கிற ஒலிப்பதிவுக் கூடத்தில் பழைய ரேப் றெக்கோடர் ஒன்று இருக்கிறது. முதலாவதைப் போட்டேன். "இது சல்லிக் கரையில கேட்ட அம்பா. கரைவலை இழுக்கேக்க பாடுறது" என்று ஒரு ஆண் குரல். அப்பாவின் குரல் இதுதான் என்று எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் தெரிகிறது, மாமி.

பிறகு கிற்றார். மூன்று பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கட்டைவிரல் தடித்த தந்தியில் கயிறு இழுக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி அடிக்கிறது. முன்னால் பாடுகிறவரின் பாட்டை இன்னொரு விரல் எடுக்கிறது. பின்னால் நிற்கிறவர்கள் அதைத் திருப்பிச் சொல்வதும் அதே கையில் வருகிறது. எல்லாம் ஒரே ஆள். கூடத்தில் என்னோடு இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார்கள்.

அம்மா அவரைப் பற்றிக் கதைத்ததே இல்லை. 2007இல் வீட்டுக்கு ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை, அவ்வளவுதான் சொன்னா. போன வருசம் அம்மா இறந்த பிறகுதான் நீங்கள் அனுப்பிய நத்தார் வாழ்த்து மட்டையில் உங்கள் விலாசத்தைக் கண்டெடுத்தேன்.

ஒரு விசயம். ஒன்பதாவது கசற்றின் முடிவில் அப்பா, "சம்பூர் அம்பா கொஞ்சம் பெரிசு, அதை அடுத்ததில அடிக்கிறன்" என்கிறார். பத்து என்று எழுதிய கசற் கூடு வெறுமையாக இருக்கிறது. அந்தக் கசற் உங்களிடம் இருக்கிறதா?

அன்புடன்,
நதீஷா


உட்துறைமுக வீதி, திருகோணமலை
2024 பெப்ரவரி 4

என்ர மகள் நதீஷாவுக்கு,

மாதாவின்ர காவலில மாமி இருக்கிறன். நீயும் அவவின்ர கையுக்குள்ள இரு, அங்க குளிராம். முழங்கால் மழை வந்தால் நோகும், வெயில் வந்தால் மறந்துபோம்.

மூண்டு பேர் எண்டு நினைச்சன் எண்டு எழுதியிருந்தாய். வாசிச்சு எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணா ஐஸ் பக்டரியில வேலை. வலக்கையில நகம் வளர்ப்பார், அது உடைஞ்சுபோம் எண்டு பெட்டி தூக்கமாட்டார். "யேசுரட்ணத்துக்குக் கல்யாணம் பேசுங்கோ, பொம்பிளைக் கை" எண்டு பக்டரிப் பெடியள் பகிடி பண்ணுவாங்கள். பின்நேரம் வந்து யன்னலைச் சாத்திப்போட்டு, கூரையில காகம் இருந்தால் கலைக்கச் சொல்லி என்னை வெளியில விடுவார். தகரத்தில காகம் நடக்கிறது கசற்றில விழுமாம்.

சல்லி, இலங்கைத்துறை எண்டு கரை கரையாய்த் திரிவார். சம்பூர்ச் சனம் சண்டையில இடம்பெயர்ந்து முகாமில கிடந்த நேரம் ஞாயிறு தவறாமல் அங்க போவார். அங்க ஒரு மனிசன் நல்லாய்ப் பாடுமாம். போகாதேங்கோ, ஆக்கள் பாக்கிறாங்கள் எண்டு நான் சொன்னனான். சரி, அதை விடு.

பத்தாவது கசற் ஈரம் பிடிச்சுப் பழுதாய்ப் போச்சு. இல்லை எண்டே நினை. கிடைச்சதைக் கேட்டுச் சந்தோசமாய் இரு. போனில இந்தக் கதை எடுக்காதே, எழுது. அண்ணான்ர பேரையும் எங்கையும் போடவேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.
மாமி


லண்டன்
2024 பெப்ரவரி 28

அன்புள்ள மாமிக்கு,

நான் சுகம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். காகம் நடக்கிற சத்தம் நாலாவது கசற்றில் உண்மையாகவே இருக்கிறது. நீங்கள் கலைக்க மறந்த நாளாக்கும்.

உங்கள் கடிதம் வர முதலே மூன்று பாட்டுகளை இணையத்தில் போட்டுவிட்டேன், மாமி. கோபிக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் இருந்து ஒரு கிற்றார்க்காரர், இந்த மனிதர் எங்கே படித்தார், இன்னும் இருக்கிறாரா என்று கேட்டு எழுதினார். அவருக்கு எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே பதில் போட்டேன். திருகோணமலை, பெயர் யேசுரட்ணம், 2007இல் கொண்டு போனார்கள், கடைசிக் கசற் ஒன்று என் மாமியிடம் இருக்க வேண்டும், இன்னும் கைக்கு வரவில்லை என்று.

பழுதான ரேப்பையும் காயவைத்து எடுக்கலாம். நாங்கள் செய்கிற வேலையே அதுதான். எறிந்துவிட வேண்டாம். அவருடைய பெயரை ஏன் மறைக்க வேண்டும்? அவர் ஒரு பிழையும் செய்யவில்லையே.

அன்புடன்,
நதீஷா


திருகோணமலை
2024 மார்ச் 25

மகள் நதீஷாவுக்கு,

கடவுள் உன்னைக் காக்கவேணும். நான் இருக்கிறன்.

போன வியாழன் ஒருத்தர் மோட்டார் சைக்கிளில வந்தவர். வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார், என்ர வயசு வரும். கேற்றடியில நிண்டு, "அக்கா, ரெண்டு நிமிசக் கதைதான்" எண்டார். உள்ள வந்து கதிரையில இருந்தார். தலைக்கவசத்தை மடியில வைச்சிருந்தார். தான் அண்ணான்ர ரசிகராம். இணையத்தில கேட்டவராம். தேத்தண்ணி குடுத்தன். கோப்பை கையில ஆடிக் கொஞ்சம் சிந்திப்போச்சு. வயசு தானே.

கடைசிக் கசற் உங்களிட்ட இருக்காமே எண்டு கேட்டார். பழுதாய்ப் போச்சு, எறிஞ்சிட்டன் எண்டன். "அப்பிடியே?" எண்டிட்டு அலுமாரியைப் பாத்துக்கொண்டிருந்தார். போகேக்க, "மருமகள் லண்டனில தனியத்தானே இருக்கிறா" எண்டு கேட்டார். உன்ர பேரையும் சொன்னார்.

நீ போட்டது எல்லாத்தையும் எடு. இண்டைக்கே எடு. இனி இந்த விலாசத்துக்கு எழுதாதே. கிண்ணியாவில பல்கீஸ் ராத்தான்ர விலாசம் கீழ இருக்கு, அதுக்கு எழுது. கதவை வடிவாய்ப் பூட்டிப்போட்டுப் படு.

வேற ஒண்டும் இல்லை. ரசிகர்தான்.
மாமி


லண்டன்
2024 ஏப்ரல் 15

அன்புள்ள மாமிக்கு,

எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பாட்டு, பெயர், நான் எழுதிய பதில், எல்லாம். ஆனால் வேறு ஆட்கள் அதற்குள் பிரதி எடுத்திருக்கிறார்கள். அதை என்னால் அழிக்க ஏலாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

யார் அந்த மனிதர்? ரசிகர் என்றால் நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள்? உங்களுக்கு வயசால் கை ஆடவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் திரும்பி வந்தாரா? பழுதான ஒரு கசற்றுக்காக ஏன் ஒருவர் வீடு தேடி வர வேண்டும்?

நான் இப்போது வேலையால் வரும்போது பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். ஒருவரும் இல்லை. இருந்தாலும் பார்க்கிறேன். சுகமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நதீஷா


லண்டன்
2024 ஜூன் 3

மாமி,

ஏழு கிழமையாகப் பதில் இல்லை. போன் எடுத்தேன். முதலில் அடித்தது, இப்போது அடிப்பதும் இல்லை. அஸாமிடம் கேட்டேன், உம்மா ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறா என்றார். நான் டிக்கெற் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதத்துக்குள் கடிதம் வராவிட்டால் வந்துவிடுவேன்.

தயவுசெய்து.
நதீஷா


கிண்ணியா
2024 ஜூன் 19

அன்பு மகள் நதீஷாவுக்கு,

இறைவன்ட உதவியால நாங்க எல்லாரும் சுகம். ஒங்கட சுகத்துக்கும் துஆக் கேட்கிறன். நான் பல்கீஸ், அஸாம்ட உம்மா. ஜெஸ்மினும் நானும் சின்ன வயசில தையல் பழகப் போன நாளில இருந்து கூட்டாளி.

முதல்ல ஒண்டு. ஜெஸ்மின் உசிரோட என்னோடதான் இரிக்கா. பயப்படாதீங்க. அவ எழுத வேணாம் எண்டு சொன்னா. நீங்க வாறன் எண்டு எழுதினதால நான் எழுதிறன். வர வேணாம் மகள். இப்ப வர வேணாம்.

மே மாதம் ஒரு ஞாயிறு பூசைக்குப் போயிட்டு வந்தா, ஊட்டுக் கதவு திறந்து கிடந்திரிக்கி. அலுமாரி, மெத்தை, அரிசிப் பேணி, மாதா படத்துக்குப் பின்பக்கம், எல்லாம் கிளறிப் போட்டிரிக்காங்க. நகை எடுக்கல்ல. ரீவி எடுக்கல்ல. ஒங்கட வாப்பாட கிற்றாரை, நீங்க மறந்திருப்பீங்க, அதை மட்டும் எடுத்து மேசையில வெச்சி எல்லாத் தந்தியையும் அறுத்து விட்டிரிக்காங்க. ஜெஸ்மின் அதைப் பாத்திட்டு, பூசைக்குப் போன சீலையோடயே பஸ் ஏறி இஞ்ச வந்திட்டா. போனையும் நிப்பாட்டிட்டா. வந்து கொஞ்ச நாள் வாசல் பக்கம் தலை காட்டல்ல. எங்கட கோழி சத்தம் போட்டாலும் எழும்பி நிப்பா.

அவங்க தேடினது அங்க இல்ல மகள். அது பதினேழு வருசமா என்ட ஊட்டில இரிக்கி. அதுக்கு மேல நான் சொல்லப் போகல்ல. அவட வாயால வரட்டும்.

அஸாமைக் கண்டா நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க.
பல்கீஸ்


கிண்ணியா
2024 ஜூலை 14

மகள் நதீஷாவுக்கு,

மாமி இருக்கிறன், உடம்புக்கு ஒண்டுமில்லை. நீயும் சுகமாய் இருக்கிறாய் எண்டு அஸாம் சொன்னவனாம், அது போதும்.

ராத்தா எழுதினது எனக்குப் பிறகுதான் தெரியும். இனி மறைச்சு என்ன.

கசற் பழுதாகேல்ல. அண்ணாவைக் கொண்டுபோன அண்டைக்குப் பின்நேரம் நான் கோயிலில. உன்ர அம்மா பின்வளவில, கிணத்தடியில உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிண்டவ. அண்ணா முன்னறையில சம்பூர் அம்பாவை அடிச்சுக்கொண்டிருந்தவர். பாட்டு நல்லாய் ஏறி வாற நேரம் ஆரோ கதவில தட்டுகினம். ஒரு ஆம்பிளைக் குரல் கதைக்குது. அது எல்லாம் அதில விழுந்திருக்கு. நான் ஓடி வரேக்க அண்ணா இல்லை, கிற்றார் கட்டிலில கிடக்குது, உன்ர அம்மா றோட்டில நிண்டு கத்துறா. றெக்கோடர் ஓடி முடிஞ்சு தானாய் நிண்டிருந்தது. நான் கசற்றை எடுத்து நெஞ்சுச் சட்டைக்குள்ள ஒளிச்சு வைச்சன். அடுத்த நாள் காலமை ராத்தாவிட்டக் கொண்டுபோய்க் குடுத்தன். பிறகு விசாரிக்க வந்தவை ஆருக்கும் அதைப் பற்றி மூச்சு விடேல்ல. இப்பிடி அத்தாட்சி காட்டின ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு ஊருக்குத் தெரியும்.

வருசத்தில ஒருக்கால், அண்ணாவைக் கொண்டுபோன நாளில, இஞ்ச வந்து அதைப் போட்டுக் கேப்பன். அதால அந்தக் குரல் எனக்கு மனப்பாடம். "ரெண்டு" எண்டு சொல்லேக்க மூக்கால இழுத்துச் சொல்லும். மார்ச் மாதம் என்ர கேற்றடியில நிண்டவன் வாய் திறந்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவன்தான், மகள். அவனுக்கு நான் சீனி போட்டுத் தேத்தண்ணி குடுத்தன். குடிச்சு முடியும் வரைக்கும் முன்னால நிண்டன்.

அந்தக் கசற்றை உனக்குத் தராததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அது எழுதிற விசயம் இல்லை. கேக்காதே.

மாமி


லண்டன்
2024 ஆகஸ்ட் 6

அன்புள்ள மாமிக்கு,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதற்கு முதலில் நன்றி. பல்கீஸ் அன்ரிக்கும் சொல்லுங்கள்.

கேட்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் கேட்கத்தான் வேண்டும். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

இங்கே எங்கள் வீட்டு மணி அடித்தால் அம்மா என்னை எழும்ப விடமாட்டா. எத்தனை வயதானாலும். ஒருநாள் தபால்காரருக்குக் கதவைத் திறக்கப் போனேன். "நீ போகாதே" என்று அம்மா கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். பிறகு குசினிக்குள் போய் வெகு நேரம் அழுதா. கடைசியில் ஆசுப்பத்திரியில் என் கையைப் பிடித்து, "நீ சின்னப்பிள்ளை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னா. மருந்து மயக்கம் என்று நினைத்தேன்.

அப்பா முன்னறையில் வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா கிணற்றடியில். நீங்கள் கோயிலில். அந்த வீட்டில் மிச்சம் இருந்தது நான்தான்.

மாமி, கதவைத் திறந்தது நானா?

நதீஷா


கிண்ணியா
2024 செப்டம்பர் 2

என்ர பிள்ளைக்கு,

உன்ர கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல. ஒவ்வொரு நாளும் எழுத இருந்து எழும்பினனான். இண்டைக்கு ராத்தா பக்கத்தில இருந்து, "இப்ப எழுது" எண்டு சொல்லுறா.

ஓம் மகள். நீதான்.

அவன் கேக்கிறான், "அப்பா நிக்கிறாரா மகள், ரெண்டு நிமிசக் கதைதான்." நீ சொல்லுறாய், "ஓம், உள்ள நிக்கிறார், கிற்றார் அடிக்கிறார்." வீட்டுக்கு ஆள் வந்திருக்கெண்டு உனக்குச் சந்தோசம். குரலில தெரியுது. அந்த இடத்தில நான் நிப்பாட்டிப்போடுவன். இத்தனை வருசத்தில ஒருநாளும் அங்கால கேட்டதில்லை. அங்கால என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது. தெரியவும் பயம்.

கதவைத் திறந்ததை நீயே எங்களுக்குச் சொன்னனீ. உன்ர அம்மாவும் நானும் அண்டைக்கே கதைச்சு முடிச்சது, இது உன்ர காதுக்கு ஒருநாளும் வரக்கூடாதெண்டு. அதுக்காகத்தான் அவ உன்னைக் கொண்டு அவ்வளவு தூரம் போனவ. கசற்றைக் குடுத்தால் ஆரும் ஒரு நாள் உனக்குப் போட்டுக் காட்டுவினம். அவங்களுக்குப் பயந்ததை விட இதுக்குத்தான் நான் கூடப் பயந்தன்.

நீ ஐஞ்சு வயசுப் பிள்ளை. கிற்றார் றோட்டு வரைக்கும் கேட்டது. நீ இல்லை எண்டு சொல்லியிருந்தாலும் அவங்கள் உள்ள வந்திருப்பாங்கள். இதை நூறு தரம் எழுதச் சொன்னாலும் எழுதுவன்.

ராத்தான்ர மகள் ஹுஸ்னியா அதைக் கொம்பியூட்டரில பிரதி எடுத்தவ. லீவுக்கு வந்த அஸாம் கொண்டு வாறான். கேக்கிறதும் விடுறதும் உன்ர விருப்பம். தனிய இருந்து கேக்காதே.

மாமி


லண்டன்
2024 அக்டோபர் 8

அன்புள்ள மாமிக்கு,

நான் சுகம். பொய் இல்லை. அஸாமும் என் சினேகிதி ஒருத்தியும் பக்கத்தில் இருக்க, முழுவதையும் கேட்டேன். நீங்கள் நிறுத்துகிற இடத்தைத் தாண்டிக் கேட்டேன். அங்கே இருப்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

என் குரலுக்குப் பிறகு கிற்றார் நிற்கிறது. அப்பா, "ஆர்?" என்று கேட்டுக்கொண்டு வாசலுக்குப் போகிறார். அந்த மனிதன் வாகனத்தில் ஏறச் சொல்கிறான். அப்பா, "சேட்டைப் போட்டுக்கொண்டு வாறன்" என்கிறார். வெளியில் இருந்து இன்னொருவன் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கெதியாக வா என்கிறான். பெயர் தெளிவாக விழுந்திருக்கிறது. அதை நான் இங்கே எழுதவில்லை.

அப்பா அறைக்குள் திரும்பி வருகிறார். நான் பின்னால் போயிருக்கிறேன். "எங்க போறீங்கள்" என்று கேட்கிறேன். அவர் குனிந்திருக்க வேண்டும், குரல் றெக்கோடருக்குக் கிட்ட வருகிறது. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கேட்டதுக்கு உண்மையைச் சொன்னனீ. நல்ல பிள்ளை. நீ சொன்னதில ஒரு பிழையும் இல்லை, விளங்குதே? பிறகு ஆர் என்ன சொன்னாலும் பிழை இல்லை. அம்மாட்டப் போ."

என் பதில் கேட்கவில்லை. தலையை ஆட்டியிருப்பேன். நான் அம்மாவிடம் போகவும் இல்லை. வாகனம் போகிற சத்தத்துக்குப் பிறகு, யாரோ கிற்றாரில் ஒரே தந்தியைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது நான். அம்மா வந்து கத்துகிற வரைக்கும் தட்டுகிறேன்.

அவருக்கு நேரம் இருக்கவில்லை, மாமி. சேட்டுப் போட மட்டும்தான் விட்டார்கள். அந்த நேரத்தை அவர் எனக்குத் தந்திருக்கிறார். அம்மா இதைக் கேட்காமலே போய்விட்டா. நீங்கள் கேட்க வேண்டும்.

காணாமல் போனவர்களின் வழக்குப் பேசுகிற கமலாதேவி என்ற சட்டத்தரணியின் பெயரை இங்கே தந்தார்கள். அந்தக் கசற்றை என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. நீங்கள்தான் அங்கே இருக்கிறீர்கள். வேண்டாம் என்றால் இந்தக் கதையை இத்தோடு விடுவேன், ஒரு சொல்லும் கேட்கமாட்டேன்.

உங்கள் மருமகள்,
நதீஷா


திருகோணமலை
2024 நவம்பர் 17

என்ர மகள் நதீஷாவுக்கு,

நல்ல செய்தியும் இருக்கு, கெட்ட செய்தியும் இருக்கு. மாமி சுகமாய்த்தான் இருக்கிறன்.

உன்ர கடிதம் வந்த அண்டைக்கே ராத்தா றெக்கோடரைத் தூக்கிக்கொண்டு வந்திட்டா. அந்த இடம் வர என்ர கை தானாய் நிப்பாட்டப் போனது. அவ கையைப் பிடிச்சுக்கொண்டா. கேட்டன். அண்ணா, "பிழை இல்லை, விளங்குதே" எண்டு கேட்டதுக்கு, நான் இருந்த இடத்தில இருந்து ஓம் எண்டு சொன்னன். ராத்தாவும் அழுதவ.

பிறகு கமலாதேவியிட்டப் போனம். சின்ன மனிசி, மெதுவாய்க் கதைப்பா. கசற்றை ரெண்டு தரம் கேட்டிட்டு, "இந்தப் பேர் வேற ரெண்டு குடும்பத்தின்ர வாயிலயும் வந்திருக்கு அம்மா" எண்டு சொன்னா. வாக்குமூலம் குடுத்தன். கோப்பையில தேத்தண்ணி குடுத்தது வரைக்கும் சொன்னன். தை மாதம் நீதிமன்றத்துக்கு எடுக்கினம். அங்க என்ன நடக்குமோ, சாட்சி ஆக்கள் மாறிப்போவினமோ, நீதவான் கேப்பாரோ, ஒண்டும் சொல்ல ஏலாது எண்டு அவவே சொன்னா.

ராத்தா இருக்கச் சொல்லித்தான் கேட்டவ. இருந்தாலும் நான் வீட்டுக்கு வந்திட்டன். இது அண்ணா கட்டின வீடு. கிற்றாருக்குப் புதுத் தந்தி போடக் கடையில குடுத்திருக்கிறன். கெட்ட செய்தி, ஒழுங்கை முகப்பில ரெண்டு பேர் மோட்டார் சைக்கிளோட நிக்கிறாங்கள். சில நாள் நிக்கிறாங்கள், சில நாள் இல்லை. நேற்று ஒருத்தன் கைகாட்டிச் சிரிச்சவன். கமலாதேவியிட்டச் சொன்னன், முறைப்பாடு எழுதியிருக்கிறா. நீ வரலாமோ எண்டு கேட்பாய். வழக்குக்கு வா, அதுக்கு முதல் வேண்டாம். தனிய வராதே.

சம்பூர் அம்பாவை நீ போடு. கதவு தட்டுற வரைக்கும் போடு, பாதிப் பாட்டெண்டாலும் சனம் கேக்கட்டும். சம்பூருக்குத் திரும்பிப் போன ஆக்களும் கேப்பினம். அண்ணான்ர பேரை முழுசாய்ப் போடு. தங்கச்சி ஜெஸ்மின் வைச்சிருந்தவ எண்டு என்ர பேரையும் போடு.

எனக்குப் பயம் போகேல்ல மகள். போன வெள்ளி ஆரோ கேற்றில தட்டினவை. முந்தியெண்டால் லைற்றை அணைச்சுப்போட்டு அறைக்குள்ள இருந்திருப்பன். அண்டைக்கு எழும்பிப் போய், திறக்காமல் நிண்டு, "ஆர்? பேரைச் சொல்லுங்கோ" எண்டு றோட்டுக்குக் கேக்கக் கேட்டன். பக்கத்து வீட்டுக்காரரும் வெளியில வந்து நிண்டவை. கொஞ்ச நேரத்தில ஆரோ கேற்றடியில இருந்து நடந்து போறது கேட்டது.

கதவு பூட்டித்தான் இருக்கு. நீயும் பூட்டிப்போட்டுப் படு.

உன்ர மாமி,
ஜெஸ்மின்